இன்ஹேலரைக் கண்டு பயம் ஏன்?

(தொடர்கல்வி மையங்களில் படித்துக் காட்டுவதற்கான உரை)



ஒரு மனிதர் ஒரு நாளைக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார்? 21,600 முறை என்று நம் முன்னோர் கணக்குச் சொன்னார்கள். நிமிடத்துக்கு 15 மூச்சு. ஒரு நாளைக்கு 1,440 நிமிடம். பெருக்கிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். இன்றைய டாக்டர்களும் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்றுதான் சொல்கிறார்கள்.

இத்தனை மூச்சையும் யாரும் எண்ணுவதில்லை. மூச்சு தானாக வருகிறது, தானாகப் போகிறது. ஆனால் சிலருக்கு ஒவ்வொரு மூச்சும் ஒரு வேலை. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தால் மூச்சு வாங்குகிறது. நாலு படி ஏறினால் நின்று இளைப்பாற வேண்டியிருக்கிறது. விடியற்காலையில் இருமல். இருமினால் சளி. வீட்டில் இருப்பவர்கள், "வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள்.

அது வயசு அல்ல, ஒரு நோய். அதற்கு 'நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்' என்று பெயர். டாக்டர்கள் சுருக்கமாக 'சி.ஓ.பி.டி.' என்பார்கள். இந்த நோய்க்கு மருந்து உண்டு. அந்த மருந்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

நெஞ்சுக்குள் ஒரு மரம்

நெஞ்சுக்குள் தலைகீழாக ஒரு மரம் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தொண்டையிலிருந்து இறங்கும் பெரிய மூச்சுக்குழாய்தான் அடிமரம். அது இரண்டாகப் பிரிகிறது. பிறகு கிளை, கிளைக்குள் கிளை என்று பிரிந்துகொண்டே போகிறது. நுனியில் திராட்சைக் கொத்துப் போலச் சின்னச் சின்னக் காற்றுப் பைகள். காற்றில் உள்ள ஆக்சிஜன் இந்தப் பைகளின் வழியாகத்தான் இரத்தத்தில் கலக்கிறது.

இந்த மரத்துக்குள் நாள்தோறும் புகை போனால் என்ன ஆகும்? குழாயின் உட்புறம் வீங்கும். சளி அதிகமாகச் சுரக்கும். குழாய் குறுகும். நுனியில் உள்ள பைகள் கிழிந்துபோகும். உள்ளே போன காற்று முழுவதும் வெளியே வராது. பழைய காற்று நெஞ்சிலேயே தங்கிவிடும். பிறகு புதிய காற்றுக்கு இடம் ஏது? அதனால்தான் மூச்சு வாங்குகிறது.

புகை என்றால் பீடி, சிகரெட் மட்டும் அல்ல. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும், இன்னும் எத்தனையோ மாநிலங்களிலும் கோடிக்கணக்கான பெண்கள் ஆண்டுக்கணக்கில் விறகும் சுள்ளியும் வறட்டியும் எரித்துச் சமைத்தவர்கள். அவர்கள் ஒரு பீடிகூடப் பிடித்ததில்லை. ஆனாலும் அடுப்புப் புகை அவர்கள் நெஞ்சுக்குள் போயிருக்கிறது. சுரங்கத் தூசி, குவாரித் தூசி, ஆலைத் தூசி, தெருவில் வண்டிகள் விடும் புகை ஆகியவையும் காரணம். முன்பு காசநோய் வந்து குணமானவர்களுக்கும் நுரையீரலில் தழும்பு இருந்து இந்த நோய் வரலாம்.

நம் நாட்டில் 1990-இல் சுமார் 2 கோடியே 80 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. 2016-இல் அது சுமார் 5 கோடியே 50 லட்சம் ஆகிவிட்டது. ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த நோய் உண்டாக்கும் பாதிப்பில் பாதிக்கு மேல் கெட்ட காற்றினால் வருகிறது. கால் பங்கு புகையிலையால் வருகிறது. மாநிலம் மாநிலமாகக் கணக்கெடுத்த ஆராய்ச்சி சொல்லும் விவரம் இது.

முதலில் பரிசோதனை

இருமல் எல்லாம் இந்த நோய் அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் அந்தப் பரிசோதனை இலவசம்.

ஆஸ்துமாவும் வேறு. ஆஸ்துமா பெரும்பாலும் சிறு வயதில் தொடங்கும். வரும், போகும். இடையில் மூச்சு நன்றாக இருக்கும். சி.ஓ.பி.டி. பெரும்பாலும் 40 வயதுக்கு மேல் தலைகாட்டும். மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கருவி உண்டு. அதன் பெயர் ஸ்பைரோமீட்டர். ஒரு குழாயில் வாயை வைத்துப் பலமாக ஊத வேண்டும். எவ்வளவு காற்றை, எவ்வளவு வேகமாக ஊதுகிறோம் என்று கருவி காட்டும். ஊசி இல்லை, வலி இல்லை.

மாத்திரையா, இன்ஹேலரா?

இந்த நோய்க்கு டாக்டர் முதலில் எழுதிக் கொடுப்பது இன்ஹேலர். மக்கள் இதைப் 'பம்பு' என்றும் சொல்வார்கள். இதை வாங்கச் சொன்னதும் பலர் முகம் வாடிவிடும். "பம்பு கொடுத்துவிட்டார்களா? அப்படியானால் நோய் முற்றிவிட்டது" என்பார்கள். "பம்பு பிடித்தால் பழகிவிடும், பிறகு விட முடியாது" என்பார்கள். "மாத்திரை போதும், ஊசி போதும்" என்பார்கள். கல்யாணம் ஆகாத பெண் வீட்டில் இருந்தால், பம்பைத் துணிக்கு அடியில் ஒளித்து வைப்பவர்களும் உண்டு.

இந்தப் பயம் சரியா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சால்புடமால் என்று ஒரு மருந்து. குறுகிய குழாயை விரிக்கும் மருந்து. இது மாத்திரையாகவும் கிடைக்கிறது, இன்ஹேலராகவும் கிடைக்கிறது. ஒரு மாத்திரையில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அதாவது 4,000 மைக்ரோகிராம். இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அப்படியானால் ஒரு மாத்திரையில் இருப்பது 40 அழுத்து மருந்து!

ஏன் இந்த வித்தியாசம்? மாத்திரை வயிற்றுக்குப் போகிறது. அங்கிருந்து இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றுகிறது. நுரையீரலுக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். மீதி மருந்து மற்ற இடங்களுக்குப் போய்க் கையை நடுங்க வைக்கிறது, நெஞ்சைப் படபடக்க வைக்கிறது. இன்ஹேலர் மருந்தோ நேராக மூச்சுக்குழாய்க்கே போகிறது. அதனால் கொஞ்சம் மருந்தே போதும்.

செடி வாடியிருந்தால் தண்ணீரை எங்கே ஊற்றுவோம்? வேரில்தானே ஊற்றுவோம்? தெரு முழுவதும் நனைய ஊற்றுவோமா?

ஆகவே இன்ஹேலர் கடைசி மருந்து அல்ல, முதல் மருந்து. அது பெரிய மருந்தும் அல்ல, மிகச் சின்ன அளவு மருந்து. அது போதை போலப் பழகிவிடுவதும் இல்லை. நோய் நாள்பட்டது, அதனால் மருந்தும் நாள்தோறும் வேண்டியிருக்கிறது. கண் பார்வை மங்கியவர் தினமும் கண்ணாடி போடுகிறார். கண்ணாடிக்கு அடிமை ஆகிவிட்டார் என்று யாராவது சொல்வார்களா?

இரண்டு வகை மருந்து

இன்ஹேலரில் உள்ள மருந்து எல்லாம் ஒன்று அல்ல. இரண்டு வகை உண்டு. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது மிக முக்கியம்.

முதல் வகை, உடனே உதவும் மருந்து. சால்புடமால் இந்த வகை. சில நிமிடங்களில் வேலை செய்யும். 4 முதல் 6 மணி நேரம் வரை தாங்கும். மூச்சு வாங்கும்போது மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியே போகும்போது பையில் இருக்க வேண்டும்.

இரண்டாம் வகை, நாள்தோறும் காக்கும் மருந்து. இது நீண்ட நேரம் குழாயை விரித்து வைத்திருக்கும். ஃபார்மோட்டரால், சால்மெட்டரால் ஆகியவை 12 மணி நேரம் தாங்கும். ஒரு நாளைக்கு இரண்டு வேளை. டையோட்ரோபியம் 24 மணி நேரம் தாங்கும். ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு.

பலர் எங்கே தவறுகிறார்கள் தெரியுமா? "இன்று மூச்சு நன்றாக இருக்கிறது, மருந்து எதற்கு?" என்று இரண்டாம் வகை மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். மருந்து எடுத்ததால்தான் மூச்சு நன்றாக இருக்கிறது. மழை பெய்யும்போது குடை நனைக்காமல் காக்கிறது. நனையவில்லையே என்று நடுமழையில் குடையை மடக்கலாமா?

டையோட்ரோபியம் மருந்துக்கு ஒரு பழைய கதை உண்டு. இந்தியாவில் இளைப்பு நோய்க்கு ஊமத்தை இலையைப் புகைக்கும் வழக்கம் முற்காலத்தில் இருந்தது. 1802-ஆம் ஆண்டு அந்த வழக்கம் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குப் போனது. ஊமத்தையில் அட்ரோபின் என்ற பொருள் இருக்கிறது. அது குழாயை விரிக்கும். ஆனால் அது விஷம். புத்தியைத் தடுமாற வைக்கும், உயிரையும் எடுக்கும். விஞ்ஞானிகள் அந்தப் பொருளை ஆராய்ந்தார்கள். மாற்றி அமைத்தார்கள். உடம்பில் அதிகம் கலக்காமல் நுரையீரலில் மட்டும் வேலை செய்யும் மருந்துகளை உண்டாக்கினார்கள். இப்ராட்ரோபியமும் டையோட்ரோபியமும் அந்த வழியில் வந்தவைதான். மருந்து வந்துவிட்ட பிறகு ஊமத்தையைத் தொட வேண்டாம்.

சிலருக்கு இவற்றோடு ஸ்டீராய்டு மருந்தும் இன்ஹேலரில் சேர்த்துக் கொடுப்பார்கள். புடசோனைடு, ஃபுளூட்டிகசோன் ஆகியவை அந்த வகை. அடிக்கடி நோய் மோசமாகிறவர்களுக்கும், ஆஸ்துமாவும் சேர்ந்து இருப்பவர்களுக்கும் இது உதவும். எல்லாருக்கும் தேவை இல்லை. இதை எடுத்தவுடன் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் வாயில் வெள்ளையாகப் படலம் படியும்.

புரோஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் கழிக்கச் சிரமப்படுகிறவர்களும், கண்ணில் அழுத்த நோய் உள்ளவர்களும், இதய நோய் உள்ளவர்களும் மருந்து வாங்குமுன் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எடுக்கும் முறை

நல்ல மருந்தையும் தவறாக எடுத்தால் பலன் இல்லை. பம்பு இன்ஹேலரை இப்படி எடுக்க வேண்டும்:

1. மூடியைக் கழற்றி, நன்றாகக் குலுக்க வேண்டும்.
2. நிமிர்ந்து உட்கார்ந்து, நெஞ்சில் உள்ள மூச்சை வெளியே விட வேண்டும்.
3. உதட்டால் வாய்ப்பகுதியை இறுகக் கவ்வ வேண்டும்.
4. மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கும்போதே ஒரு முறை அழுத்த வேண்டும். தொடர்ந்து ஆழமாக இழுக்க வேண்டும்.
5. பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். பிறகு விடலாம்.
6. இன்னொரு முறை வேண்டுமானால் ஒரு நிமிடம் பொறுத்து எடுக்க வேண்டும்.

அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றாக வரவில்லையா? வயதானவர்களுக்கு அது கஷ்டம்தான். அதற்கு ஸ்பேசர் என்ற கூடு கிடைக்கிறது. மருந்தை அதற்குள் அழுத்திவிட்டு உடனே மெதுவாக இழுக்க வேண்டும். மருந்து தொண்டையில் படிவதும் குறையும்.

இன்னொரு வகைக் கருவியில் தூள் மருந்து உள்ள கேப்சூலைப் போட்டு உறிஞ்ச வேண்டும். இதில் மெதுவாக இழுக்கக் கூடாது. வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். கருவிக்குள் ஊதக் கூடாது. ஈரம் பட்டால் தூள் கட்டிவிடும். இந்தக் கேப்சூலைத் தண்ணீர் விட்டு விழுங்குகிறவர்கள் உண்டு. விழுங்கினால் மருந்து நுரையீரலுக்குப் போகாது.

பம்பில் மருந்து தீர்ந்துவிட்டதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். அது சரியான முறை அல்ல. கணக்குப் போடுவதுதான் சரி. 200 முறை வரும் பம்பு என்றால், தினமும் 4 முறை எடுப்பவருக்கு 50 நாள் வரும். தொடங்கிய தேதியைக் காகிதத்தில் எழுதிப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். படித்த எழுத்தும் கணக்கும் இதற்குக்கூட உதவாவிட்டால் எப்படி?

மாத்திரை, ஊசி, பெயர் இல்லாத பொடி

இன்ஹேலரோடு சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். தியோஃபிலின் என்பது பழைய மருந்து, விலை குறைந்த மருந்து. ஆனால் பலன் தரும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் இடைவெளி சிறியது. அளவு கூடினால் வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், வலிப்புகூட வரலாம். சில ஆன்டிபயாடிக் மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிட்டால் உடம்பில் இதன் அளவு ஏறிவிடும். பீடி, சிகரெட்டை நிறுத்தினாலும் ஏறும். ஆகவே என்னென்ன மருந்து சாப்பிடுகிறோம் என்பதை டாக்டரிடம் முழுவதும் சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டையும் கொண்டுபோக வேண்டும்.

சளியை இளக்க புரோம்ஹெக்சின் என்ற மருந்து உண்டு. நம் வேலியில் வளரும் ஆடாதோடை இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளைப் பார்த்துத்தான் இதைச் செய்தார்கள். இது சளியை இளக்கும், அடைப்பை நீக்காது. இன்ஹேலருக்குப் பதில் ஆகாது.

மிகவும் ஆபத்தானது ஒன்று இருக்கிறது. பெயர் எழுதாத பொட்டலத்தில் மாத்திரையோ பொடியோ கொடுப்பார்கள். "மூன்றே நாளில் இளைப்பு போய்விடும்" என்பார்கள். உண்மையிலேயே மூச்சு லேசாகிவிடும், பசி எடுக்கும். "நல்ல கைராசி" என்று ஊரே அங்கே போகும். அந்தப் பொடியில் பல நேரம் கலந்திருப்பது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. நோய் திடீரென்று முற்றும்போது டாக்டர் பிரெட்னிசலோன் மாத்திரையை ஐந்து நாள் கொடுப்பார். அது நன்மை செய்யும். அதையே மாதக்கணக்கில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும். எலும்பு நொய்ந்துபோகும். கண்ணில் புரை விழும். நோய்க்கிருமிகளை எதிர்க்கும் சக்தி குறையும்.

அப்படி ஏற்கனவே நீண்ட நாள் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அதுவும் ஆபத்து. டாக்டரிடம் காட்டி, அவர் சொல்வதுபோல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எந்த மருந்தாக இருந்தாலும் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்லாத மருந்தை வாங்காதீர்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

மூச்சு வழக்கத்தைவிட அதிகமாக வாங்கினால், சளி அதிகமாகி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். கிருமி தாக்கியிருந்தால் ஆன்டிபயாடிக் கொடுப்பார். வெறும் இருமலுக்கெல்லாம் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கக் கூடாது.

உதடு நீலமானாலும், ஒரு வாக்கியம் முழுவதும் பேச முடியாமல் மூச்சு திணறினாலும், ஆள் மயங்கி மயங்கித் தூங்கினாலும் காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

இரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துவிட்டவர்களுக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் வைக்கச் சொல்வார்கள். தினமும் 15 மணி நேரமாவது வைக்க வேண்டும். அவர்களுக்கு அது ஆயுளைக் கூட்டும். ஆனால் ஆக்சிஜனும் ஒரு மருந்துதான். அளவுக்கு மேல் திறந்துவிட்டால் இந்த நோயாளிகளுக்குக் கெடுதல். அதன் அருகில் பீடியோ விளக்கோ அடுப்போ இருக்கக் கூடாது. தீப்பிடிக்கும்.

ஓட்டைப் பானையில் தண்ணீர்

ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். கிழிந்த காற்றுப் பைகளைத் திரும்பத் தைக்கும் மருந்து எதுவும் இல்லை. மருந்து குழாயை விரிக்கும். மூச்சு வாங்குவதைக் குறைக்கும். ஆஸ்பத்திரிக்கு ஓடுவதைக் குறைக்கும். நடக்கவும் வேலை செய்யவும் தெம்பு தரும். அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயமா?

புகையை நிறுத்தாமல் மருந்து எடுப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். பீடியை நிறுத்திய நாள் முதல் நுரையீரல் கெடும் வேகம் குறைகிறது. எந்த வயதில் நிறுத்தினாலும் லாபம்தான். தனியாக நிறுத்த முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற எண்ணுக்குப் பேசலாம். கட்டணம் இல்லை.

அடுப்புப் புகைக்கும் வழி தேட வேண்டும். 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் பல கோடி ஏழைக் குடும்பங்களுக்குக் கேஸ் இணைப்பு கிடைத்தது. இணைப்பு வந்தும் சிலிண்டர் விலையை நினைத்துப் பல வீடுகளில் விறகுதான் எரிகிறது. வீட்டில் சமைக்கிற பெண்ணுக்கு மூச்சு வாங்குகிறது என்றால், சிலிண்டர் செலவை மருந்துச் செலவோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். கேஸ் முடியாவிட்டால் புகைபோக்கி வையுங்கள், அடுப்பைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை ஃபுளூ காய்ச்சல் தடுப்பூசியும், நிமோனியா தடுப்பூசியும் இந்த நோயாளிகளுக்கு நல்லது. தினமும் முடிந்த அளவு நடக்க வேண்டும். மூச்சு வாங்கும்போது மூக்கால் இழுத்து, விளக்கை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெல்ல விட வேண்டும். இதற்குக் காசு வேண்டாம்.

இன்ஹேலருக்குக் காசு வேண்டும். அதுதான் பல வீடுகளில் பிரச்சினை. அரசு ஆஸ்பத்திரியில் முதலில் கேளுங்கள். இல்லை என்றால் மக்கள் மருந்தகத்தில் கேளுங்கள். அங்கே கம்பெனிப் பெயர் இல்லாமல், மருந்தின் பெயரிலேயே குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதற்கு மருந்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். சால்புடமால், ஃபார்மோட்டரால், டையோட்ரோபியம், புடசோனைடு. இந்த நான்கு பெயர்களையும் நோட்டில் எழுதிப் பழகுங்கள். சீட்டில் எது இருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

துணிக்கு அடியில் ஒளித்து வைத்த பம்பு வெளியே வரட்டும். மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில், எல்லாரும் பார்க்கும் இடத்தில் அது இருக்கட்டும்.



கலந்து பேசுங்கள்

1. உங்கள் தெருவில் மூச்சு வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? அவர்களில் பீடி பிடிக்காத பெண்கள் எத்தனை பேர்?
2. உடனே உதவும் மருந்துக்கும் நாள்தோறும் காக்கும் மருந்துக்கும் என்ன வித்தியாசம்?
3. 120 முறை வரும் பம்பை, காலையில் 2, மாலையில் 2 என்று எடுத்தால் எத்தனை நாள் வரும்?
4. உங்கள் ஊருக்கு அருகில் உள்ள அரசு ஆஸ்பத்திரியில் இன்ஹேலர் கிடைக்கிறதா? கிடைக்கவில்லை என்றால் யாருக்கு மனு எழுத வேண்டும்? எல்லாரும் சேர்ந்து எழுதிப் பாருங்கள்.